ஜூன் விடுமுறைக்கு முன்பே வீட்டையும் புளோக்கையும் வெயில் மாதங்களுக்குத் தயார்செய்வது எப்படி?

சிங்கப்பூரில் கோடை என்று தனிப் பருவம் கிடையாது. ஆனாலும் ஏப்ரல், மே மாதங்களின் புழுக்கம், மே மாதக் கடைசியில் தொடங்கும் நான்கு வாரப் பள்ளி விடுமுறை, ஜூன் முதல் வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, சில ஆண்டுகளில் அந்தக் காற்றோடு வந்து சேரும் புகைமூட்டம், அக்டோபர் வரை நீளும் டெங்கிக் காலம் ஆகிய அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்பதை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்புகளில் வாழும் அனைவரும் அறிவர். இவை ஒவ்வொன்றுக்கும் அந்தந்த நேரத்தில் ஓடுவதைவிட, மே மாத நடுவில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி வீட்டைச் சமையலறைச் சன்னலிலிருந்து வாசற்படிவரை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுவது எளிது. விடுமுறைக்குத் தமிழகம் செல்லும் குடும்பங்கள் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். பல வாரங்கள் பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஒரு பிரச்சினை முளைத்தால், அதை முதலில் அனுபவிப்பவர்கள் மாடியிலும் எதிரிலும் தங்கியிருக்கும் அண்டை வீட்டார்தாம்.

தேங்கும் நீரிலிருந்து தொடங்குங்கள்

ஏடிஸ் கொசு முட்டையிட 20 காசு நாணய அளவு நீர் போதும். முட்டை வளர்ந்து கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். வெப்பம் கூடினால் அந்தக் காலமும் சுருங்கும். 2020ஆம் ஆண்டில் இங்கு 35,000க்கும் மேற்பட்டோர் டெங்கிக் காய்ச்சலால் பாதிக்கப்பட்டனர். 2022இலும் எண்ணிக்கை 30,000ஐத் தாண்டியது. இடையில் 2021இல் எண்ணிக்கை குறைந்திருந்ததைக் கவனித்தால், ஓராண்டு குறைந்திருக்கிறது என்பதற்காக அடுத்த ஆண்டு அலட்சியமாக இருக்க முடியாது என்பது விளங்கும்.

பூந்தொட்டித் தட்டுகளையும் வாளிகளையும் பற்றித் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் சுவரொட்டிகள் ஆண்டுதோறும் சொல்கின்றன. நம் வீடுகளில் அவற்றைத் தவிர வேறு சில இடங்களும் உண்டு. வாசலில் பூ மிதக்கவிடும் உருளி, பூசை அறையில் வைக்கும் செம்பு, துளசித் தொட்டியின் அடித்தட்டு, கண்ணாடிக் குப்பியில் வெறும் நீரில் வளரும் மணி பிளாண்ட் ஆகியவற்றை நாம் மங்கலப் பொருள்களாகப் பார்க்கிறோம். கொசுவுக்கு அந்த வேறுபாடு தெரியாது. உருளியில் நீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுங்கள். மாற்றும்போது பழைய நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீர் ஊற்றினால் மட்டும் போதாது. உட்சுவரை நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். ஏடிஸ் முட்டைகள் ஓரங்களில் ஒட்டிக்கொண்டு, ஈரமே இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரியக்கூடியவை. கறிவேப்பிலைத் தொட்டியின் மண் இறுகிப் பாளமாகியிருந்தால் அதன்மேல் ஊற்றும் நீர் உடனே இறங்காமல் நிற்கும். ஒரு கரண்டிக் காம்பால் கிளறிவிட்டாலே அந்தச் சிக்கல் தீரும்.

பழைய புளோக்குகளில் சமையலறைச் சன்னலுக்கு வெளியே, துணி காயவைக்கும் மூங்கில் கழிகளைச் செருகுவதற்கென்று பதித்த குழாய்களை மறந்துவிடாதீர்கள். உலர்த்தும் இயந்திரம் வந்தபின் பல வீடுகளில் அவை பயன்படுவதில்லை. மூடியில்லாத குழாய்க்குள் மழைநீர் நிற்கும். உள்ளே யாரும் எட்டிப் பார்ப்பதுமில்லை. மூடி போட்டு அடைத்துவிடுவது ஐந்து நிமிட வேலைதான், ஆனால் சன்னலுக்கு வெளியே எட்டிச் சாயாமல் செய்ய முடியாவிட்டால் நீங்களே முயலாமல் நகர மன்றத்தின் உதவியைக் கேளுங்கள்.

உங்கள் வட்டாரத்தில் தொங்கும் எச்சரிக்கைப் பதாகையின் நிறத்தையும் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது. சிவப்பு என்றால் அந்த டெங்கிக் குழுமத்தில், அதாவது பாதிப்புகள் நெருக்கமாகப் பதிவான பகுதியில், பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டுள்ளனர். மஞ்சள் என்றால் பத்துக்கும் குறைவு. பச்சை என்றால் புதிய பாதிப்பு இல்லை, கண்காணிப்பு மட்டும் தொடர்கிறது. சிவப்புப் பதாகை தொங்கும்போது சிறுவர்களை விளையாட்டுத் திடலுக்கு அனுப்புமுன் கைகால்களில் கொசுவிரட்டி பூசிவிடுங்கள். ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு. விடிந்த பின்னரும் பொழுது சாய்வதற்கு முன்னரும் உள்ள சில மணி நேரங்களில் அதன் கடி அதிகம். சில வட்டாரங்களில் விடப்படும், வோல்பாக்கியா என்ற நுண்ணுயிரியைச் சுமக்கும் ஆண் கொசுக்கள் கடிக்காது, அவற்றைக் கண்டு பதற வேண்டியதில்லை. எது ஆண், எது பெண் என்று யோசித்துக்கொண்டு நிற்காமல் வழக்கம்போல் அடித்துவிடலாம். வாரியமும் வேண்டாமென்று சொல்வதில்லை.

திடீரென்று கடும் காய்ச்சல், கண்களுக்குப் பின்னால் வலி, மூட்டுவலி, உடலில் தடிப்பு ஆகியவை தோன்றினால் மருத்துவரைப் பார்க்கும்வரை ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் போன்றவற்றைத் தொடாதீர்கள். டெங்கியாக இருந்தால் அவை இரத்தக்கசிவை மோசமாக்கும். சரியான அளவில் பாரசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம்.

வாரிய அதிகாரிகள் வீட்டைச் சோதிக்க வந்தால் பணி அட்டையைக் காட்டச் சொல்லி உறுதிசெய்துகொண்டு உள்ளே விடுங்கள். அவர்கள் வாசலிலேயே ரொக்கமாக அபராதம் வசூலிக்க மாட்டார்கள்; யாராவது கேட்டால் அது மோசடி. வீட்டில் தனியாக இருக்கும் பாட்டி தாத்தாக்களிடம் இதைத் தமிழிலேயே, இரண்டு முறை சொல்லிவையுங்கள்.

தாழ்வாரமும் நெருப்பும்

வீவக வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு வெளியேற ஒரே கதவுதான். இந்த ஓர் உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டால் தீப் பாதுகாப்பு விதிகள் பலவும் தாமாகவே விளங்கிவிடும். தாழ்வாரத்தில் குறைந்தது 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி தடையின்றி இருக்க வேண்டும் என்று குடிமைத் தற்காப்புப் படை சொல்வதற்குக் காரணம், புகை சூழ்ந்த நேரத்தில் மக்கள் தவழ்ந்தே வெளியேறுவார்கள் என்பதும், எதிர்த்திசையில் தீயணைப்பாளர்கள் நீர்க்குழாயோடு ஓடிவருவார்கள் என்பதுந்தான். துளசித் தொட்டி, செருப்பு அடுக்கு, மிதிவண்டி என்று ஒவ்வொரு வீட்டாரும் ஒவ்வொன்றாக வைக்க, யாருமே தாம் வழியை அடைத்ததாக நினைப்பதில்லை. ஓர் அளவுநாடாவை எடுத்துச் சென்று அளந்து பாருங்கள். அண்டை வீட்டாரின் பொருளைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால், முதலில் உங்கள் பொருளை உள்ளே எடுத்து வைத்துவிட்டுப் பேசுவது நலம். புகார் எழுதுவதைவிட அது விரைவாகப் பலன் தரும்.

மின்சைக்கிள், மின்ஸ்கூட்டர் மின்கலன்களை இரவில் அனைவரும் தூங்கும்போது மின்னேற்றுவது, அதிலும் வாசற்கதவுக்கு அருகில் வைத்து மின்னேற்றுவது, நான் அறிந்த பழக்கங்களிலேயே மிகவும் ஆபத்தானது. லித்தியம் மின்கலன் தீப்பற்றினால் நொடிகளில் அறை முழுவதும் புகை பரவும். உள்ளே இருப்பவர்களுக்கும் கதவுக்கும் நடுவில் நெருப்பு நிற்கும். உணவு விநியோகம் செய்யும் இளையர்கள் இருக்கும் வீடுகளில் இதைக் கண்டிப்பாகப் பேச வேண்டும்: விழித்திருக்கும்போது மட்டும் மின்னேற்றுதல், சாதனத்துக்கு உரிய மின்னேற்றியையே பயன்படுத்துதல், வீங்கிய அல்லது கீழே விழுந்து அடிபட்ட மின்கலனை உடனே கைவிடுதல். மின்ஸ்கூட்டருக்கு யூஎல்2272 என்ற தீப் பாதுகாப்புச் சான்று இருக்க வேண்டும். குளிர்சாதனத்தையும் நீர்ச்சூடேற்றியையும் பல துளை இணைப்புப் பலகையில் செருகக்கூடாது என்பதும் வெயில் மாதங்களில் நினைவூட்ட வேண்டிய ஒன்று.

பூசை விளக்கைப் பொறுத்தவரை, திரைச்சீலையிலிருந்து விலகிய, காற்றில் சாயாத இடமே சரியானது. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி போட்ட கரியையும் ஊதுவத்திச் சாம்பலையும் நீர் தெளித்து முற்றிலும் அணைத்த பிறகே குப்பைக் குழாயில் போட வேண்டும்; மேலே கருகியிருக்கும் கரி உள்ளே கனன்றுகொண்டிருக்கலாம். தாளிக்கும்போது எண்ணெய் தீப்பற்றினால் நீரை ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து, சட்டியை மூடியால் மூடிவிடுங்கள். 2018 ஜூன் 1ஆம் தேதிக்குப்பின் கட்டப்பட்ட வீடுகளில் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். பழைய வீட்டில் இருப்பவர்கள் தாமாகவே ஒன்று பொருத்திக்கொள்வது அதிகச் செலவில்லாத நல்ல ஏற்பாடு.

வெயில்

2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் 37 பாகை செல்சியஸ் பதிவானது; 1983 ஏப்ரலில் தெங்காவில் பதிவான உச்சத்தை அது நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு எட்டியது. ஆனால் இங்கு வெப்பமானியின் எண்ணை மட்டும் பார்ப்பது பயன் தராது. காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கும்போது வியர்வை உலராது. வியர்வை உலராவிட்டால் உடல் குளிராது. அதனால்தான் ஈரப்பதம், காற்று, சூரியக் கதிர்வீச்சு ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் ஈரக்குமிழ் கோள வெப்பநிலையை (WBGT) வைத்து 2023 ஜூலை முதல் வெப்ப ஆலோசனை வழங்கப்படுகிறது. மைஈஎன்வி செயலியில் அதைப் பார்க்கலாம்: 31 பாகைக்குக் கீழே குறைந்த நிலை, 31 முதல் 33க்குள் மிதமான நிலை, 33 அல்லது அதற்கு மேல் உயர்நிலை. ஊரின் 40 பாகை வெயிலிலேயே வளர்ந்தோம் என்று சொல்லிக்கொண்டு நண்பகலில் ஓடச் செல்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டுப் புறப்படட்டும்.

வெளிவேலை செய்யும் ஊழியர்களுக்கும் இது பொருந்தும். ஈரக்குமிழ் கோள வெப்பநிலை 32 பாகையை எட்டினால் கடும் உடலுழைப்பில் இருப்பவர்களுக்கு மணிக்குக் குறைந்தது பத்து நிமிடம் நிழலில் ஓய்வு தர வேண்டும் என்பது மனிதவள அமைச்சின் விதி. உங்கள் புளோக்கில் சாயம் பூசும், புல்வெட்டும் தம்பிமாருக்கு இது தெரியாமலிருக்கலாம், சொல்லுங்கள். ஒருவர் வெயிலில் தடுமாறினால், குழறிப் பேசினால், மயங்கினால் அது வெப்பத்தாக்கமாக இருக்கக்கூடும். உடனே 995ஐ அழைத்து, அவரை நிழலுக்குக் கொண்டுசென்று, ஆடையைத் தளர்த்தி, உடலை நீரால் நனைத்து விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்குக் குடிக்க எதுவும் கொடுக்கக்கூடாது. மின்தூக்கிக் கூடத்தில் ஏஇடி எனப்படும் இதய இயக்கமீட்புக் கருவி எந்த புளோக்கில் இருக்கிறது என்பதையும் இப்போதே போய்ப் பார்த்துவிடுங்கள். இரண்டு புளோக்குக்கு ஒன்று என்ற கணக்கில் வைக்கப்பட்டிருப்பதால் அது பக்கத்து புளோக்கிலும் இருக்கலாம்.

புகையும் புயற்காற்றும்

புகைமூட்டம் ஒவ்வோர் ஆண்டும் வருவதில்லை. வந்தால் எவ்வளவு மோசமாகும் என்பதற்கு 2013 ஜூன் 21 சான்று. அன்று மூன்று மணி நேரக் காற்றுத் தரக் குறியீடு 401ஐத் தொட்டது. 24 மணி நேரக் குறியீட்டை அடுத்த நாள் திட்டத்துக்கும், ஒரு மணி நேர பிஎம்2.5 (காற்றில் மிதக்கும் நுண்துகள்) அளவை இப்போது வெளியே போகலாமா என்று முடிவெடுக்கவும் பயன்படுத்துங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் மருந்தைக் கையிருப்பில் வைத்திருப்பதும், ஒரு பெட்டி என்95 முகக்கவசம் வாங்கி வைப்பதும் போதுமான முன்னேற்பாடு. கடைகளில் வரிசை நீண்ட பிறகு தேடுவது கடினம்.

விடியற்காலையில் மேற்கிலிருந்து பாய்ந்து வரும் சுமத்ரா சூறைக்காற்று இந்த மாதங்களில்தான் அதிகம். வெளிப்புறமாகத் திறக்கும் சன்னல்களின் அலுமினியத் தறையாணிகள் எஃகு ஆணிகளாக மாற்றப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். மாற்ற வேண்டியது வீட்டு உரிமையாளரின் சட்டப்பூர்வக் கடமை. நழுவு சன்னல்களில் தடுப்பான்கள் உறுதியாக இருக்கின்றனவா என்றும் தள்ளிப் பாருங்கள். சன்னல் விளிம்பில் தொட்டி வேண்டவே வேண்டாம்.

வீட்டைப் பூட்டும் நாளும் திரும்பும் நாளும்

சாங்கிக்குப் புறப்படும் நாளில் பெட்டிகளின் எடையைச் சரிபார்க்கவே நேரம் போய்விடும் என்பதால், இந்த வேலையை முந்தின நாளிலேயே முடித்துவிடுங்கள். கழிப்பறைக் கோப்பையை மூடுங்கள். குளியலறை, சமையலறைத் தரை வடிகால்களை மூடுங்கள், அல்லது கொசு புகாத மூடிகளைப் பொருத்துங்கள். உருளி, செம்பு, பூச்சாடி, வாளி அனைத்தையும் உலர்த்திக் கவிழ்த்து வையுங்கள். தொட்டிச் செடிகளை அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்தால் தட்டுகளை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். குளிர்பதனப் பெட்டியைத் தவிர மற்ற மின்சாதனங்களின் இணைப்பைத் துண்டியுங்கள். எல்லாச் சன்னல்களையும் தாழிடுங்கள். நம்பகமான ஒருவரிடம் சாவியையும், எதிர்வீட்டாரிடம் உங்கள் இந்தியத் தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். மேல்மாடியிலிருந்து நீர் கசிந்தாலோ உங்கள் வீட்டிலிருந்து புகை வந்தாலோ அழைக்க அந்த எண் வேண்டும்.

திரும்பி வந்ததும் சன்னல்களைத் திறந்து, எல்லாக் குழாய்களையும் சில நிமிடம் ஓடவிட்டு, கழிப்பறை நீரை இழுத்துவிட்டு, மூலைகளில் கொசு இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். ஊரிலும் டெங்கி உண்டு. கடித்த கொசுவின் விளைவு தெரிய சில நாள்கள் முதல் இரண்டு வாரம்வரை ஆகலாம் என்பதால், அந்த இரண்டு வாரமும் வீட்டுக்குள்ளும் கொசுவிரட்டி பூசிக்கொள்ளுங்கள். உங்களுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் உங்களைக் கடித்த இங்குள்ள கொசு அதே தாழ்வாரத்தில் வேறொருவருக்கு நோயைக் கொண்டுசெல்லக்கூடும். காய்ச்சல் வந்தால் பலதுறை மருந்தகத்தில் பதிவு செய்யும்போதே எந்த ஊருக்குச் சென்று எந்தத் தேதியில் திரும்பினீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள்.