டென்டுக்குள் தணலும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம்

டிசம்பர், ஜனவரியில் ஊட்டி, கொடைக்கானல், கொழுக்குமலைப் பக்கம் டென்ட் போட்டுத் தங்குகிறவர்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் குளிருக்குப் பயந்து செய்பவை. நடுங்குகிறது என்று எல்லா ஜிப்பையும் இழுத்து மூடுகிறார்கள். அதுவும் போதாமல் நெருப்பையே உள்ளே கொண்டுவந்து வைக்கிறார்கள்.

முதலில் மூடுவதைப் பார்ப்போம். டென்ட் துணி கம்பளி இல்லை, மெல்லிய நைலான் அல்லது பாலியஸ்டர். மூடினால் காற்று வீசுவது நிற்கும், அவ்வளவுதான். உள்ளே படுத்திருப்பவர்கள் இரவெல்லாம் விடும் மூச்சின் ஈரம் வெளியேற வழியில்லாமல், சில்லிட்ட துணியின் உட்புறத்தில் முத்து முத்தாகப் படியும். விடிகாலையில் கை பட்டதும் முகத்தில் சொட்டும். "டென்ட் ஒழுகுது" என்று வாடகைக்குக் கொடுத்தவரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. மழையே பெய்யாத இரவில் அது வேறு எங்கிருந்து வரும்? நம் மூச்சுதான். அந்த ஈரத்தில் ஸ்லீப்பிங் பேக் நமத்துப்போனால் சூட்டைப் பிடித்துவைக்காது. குளிருக்காக மூடிய டென்ட், விடியும்போது இன்னும் குளிரும்.

அதனால் கூரைக்குப் பக்கத்தில் இருக்கும் காற்றுத் துவாரத்தை மூடாதீர்கள். அதன்மேல் குடைபோலத் துணி வைத்துத் தைத்திருப்பதே மழையிலும் திறந்து வைக்கத்தான். கதவின் அடிப்பக்கத்தில் ஒரு சாண் திறந்திருக்கட்டும், கொசுவலை மட்டும் மூடியிருந்தால் போதும். கீழே ஒன்று, மேலே ஒன்று என வழி இருந்தால்தான் காற்று ஓடும். பள்ளத்தில் டென்ட் அடிக்க வேண்டாம், குளிர்ந்த காற்று அங்கேதான் வந்து தேங்கும். உடம்புக்குக் குளிர்ந்தால் இன்னொரு ஸ்வெட்டர், தலைக்குக் குல்லா, அடியில் தடித்த பாய். குளிர் பாதிக்குமேல் தரையிலிருந்துதான் ஏறுகிறது என்பது என் எண்ணம்.

அடுத்தது தணல். இதில்தான் உயிர் போகிறது. பார்பிக்யூ முடிந்து கோழி காலியானதும், அடுப்பில் கங்கு மட்டும் மிஞ்சியிருக்கும். மேலே சாம்பல் பூத்து, ஊதினால் செக்கச்செவேலென்று கனலும். புகை இல்லை, தீ இல்லை, கதகதப்பு மட்டும் இருக்கிறது. உள்ளே வைத்தால் என்ன என்று தோன்றும். ஆனால் புகை அடங்கிய கரி நிறையக் கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவருக்கு மூச்சு முட்டாது, இருமல் வராது. விழிப்பே வராமல் போகலாம்.

2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், பார்பிக்யூ அடுப்பை அணைக்காமல் அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கிய இளைஞர்கள் இருவர் இறந்தார்கள். 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமனில், விடுதி அறையைப் பூட்டிக்கொண்டு கேஸ் ஹீட்டர் போட்டுப் படுத்த கேரளச் சுற்றுலாப் பயணிகள் எட்டுப் பேர் இறந்தார்கள், அதில் நான்கு பேர் குழந்தைகள். இரண்டுமே சுவர் வைத்த அறைகள். டென்டில் இருக்கும் காற்று அதைவிட எவ்வளவோ குறைவு.

"ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைத்தால்?" என்று கேட்பார்கள். மூச்சின் ஈரம் போக அந்தத் திறப்பு போதும், தணலுக்குப் போதாது. "கேஸ் ஹீட்டர் என்றால் வாசனை காட்டிக் கொடுத்துவிடுமே" என்பதும் தவறு. அந்த நாற்றம், எரியாத கேஸ் கசிந்தால் தெரிவதற்காகச் சேர்ப்பது. எரிந்த பிறகு உண்டாகும் மோனாக்சைடில் அது இருக்காது.

சமையலுக்கு வருவோம். மழை வந்ததும் அடுப்பை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். டீதானே, ஐந்து நிமிஷம்தானே! பற்றவைக்கும்போது தீ குப்பென்று எழலாம், முழங்கால் பட்டு அடுப்பு கவிழலாம். எது நடந்தாலும் வெளியேற ஒரே வாசல், அதற்கும் ஜிப். நைலான் உருகிச் சொட்டினால் தோலில் ஒட்டிக்கொள்ளும். கேஸ் கசிந்தால், அது காற்றைவிடக் கனம் என்பதால் படுக்கைகளுக்கு நடுவே தரையோடு தேங்கும். நீல நிறத்தில் எரிந்தால் பயமில்லை என்பதும் அரைகுறை உண்மைதான். குளிர்ந்த பெரிய பாத்திரத்தின் அடியில் தீ மோதும்போது முழுதாக எரியாமலே ஆறிவிடும், அப்போதும் மோனாக்சைடு வரும். டென்டிலிருந்து பத்தடி தள்ளி, ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரத்தில், பக்கங்களை மூடாமல் ஒரு தார்ப்பாயைக் கட்டி அதன்கீழ் சமையுங்கள். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதிக்காத இடத்தில் அதுவும் கூடாது.

பெட்டிபோல வரும் கேசட் ஸ்டவ்வில் கேஸ் கேன் பக்கத்திலேயே படுத்திருக்கும். அதன்மேல் வீட்டுத் தோசைக்கல்லை வைத்துப் பாருங்கள், விளிம்பு கேன் மூடிக்குமேல் நீண்டு நிற்கும். நாலு தோசை வார்ப்பதற்குள் கல்லின் சூடு கேனுக்கு இறங்கும். கேன் வெடிக்கும் விபத்துகளுக்கு இது ஒரு காரணம். எரியும்போது கேன் சில்லென்றுதான் இருக்க வேண்டும். தொட்டுப் பாருங்கள், சுட்டால் உடனே அணையுங்கள். திருகிப் பொருத்தும் கேனைச் சுற்றி, காற்றுத் தடுப்பு என்று தகரத்தை வளைத்து வைப்பதிலும் இதே ஆபத்து இருக்கிறது.

உறைபனி இரவில் தீ சுருங்கினால் கேனை நெருப்பில் காட்டாதீர்கள். கேனில் இருக்கும் பூட்டேன் என்ற வாயு மைனஸ் 0.5 டிகிரியில்தான் கொதிக்கும், அதற்குக் கீழே கேனைவிட்டு வெளியேறும் அளவுக்கு ஆவியாகாது. ஜாக்கெட்டுக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் சரியாகும், அல்லது கடுங்குளிரிலும் ஆவியாகும் புரொப்பேன் கலந்த கேனை வாங்கலாம். வீட்டு சிலிண்டரிலிருந்து காலி கேனில் கேஸ் பிடிப்பது சிக்கனம் இல்லை, வினை. சமையல் எரிவாயுவில் புரொப்பேனும் உண்டு. 20 டிகிரியில் அதன் அழுத்தம் பூட்டேனைப்போல நாலு மடங்கு. பூட்டேனுக்காகச் செய்த மெல்லிய கேன் அதற்குத் தோதானதல்ல.

கடைசியாக, அறிகுறிகளைத் தவறாகப் புரிந்துகொள்வது. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் மலைப்பாதை வளைவு, நேற்றைய சரக்கு, பிரியாணி என்று காரணம் சொல்லிவிட்டு மறுபடி படுத்துவிடுவார்கள். ஒரே டென்டில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால், வெளியே வந்ததும் தெளிந்தால், மோனாக்சைடைத்தான் சந்தேகிக்க வேண்டும். எல்லோரையும் இழுத்து வெளியே போட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டரை நம்பாதீர்கள். மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் உள்ளதாகவே எண்ணி அது 98 என்று காட்டும். மருத்துவரிடம் "டென்டுக்குள் தணல் இருந்தது" என்பதை முதலில் சொல்லுங்கள், அப்போதுதான் ரத்தத்தில் கார்பாக்ஸி ஹீமோகுளோபின், அதாவது மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்ப்பார்கள். சாதாரணக் காற்றில் அது பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியாக ஆக்சிஜன் கொடுத்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் குறையும்.