கொல்லையில் மேப்பிள் பாகு காய்ச்சுவோர் செய்யும் தவறுகள்

கனடாவின் ஒன்ராறியோ, கியூபெக், அமெரிக்காவின் வெர்மொன்ட் பக்கம் வீட்டு வளவில் நாலைந்து மேப்பிள் மரம் வைத்திருப்பவர்களுக்குப் பெப்ரவரி கடைசியில் கை பரபரக்கும். இரவில் உறைபனி, பகலில் பூச்சியத்துக்கு மேல் வெப்பம் என்று மாறிமாறி வரும் சில வாரங்கள்தான், அடிமரத்தில் துளையிட்டுக் குழாய் செருகினால், பாகு காய்ச்சுவதற்கான சாறு வடியும். தவறுகள் நடப்பது அந்த அவசரத்தில்தான்.

மெலிந்த மரத்தைத் தொடாதீர்கள். நெஞ்சு உயரத்தில் அடிமரத்தின் குறுக்களவு 25 செ.மீ. இருந்தால் ஒரு குழாய். 45 செ.மீ. தாண்டினால் இரண்டு, அதோடு சரி. தாத்தா காலத்து 11 மி.மீ. துளையும் இப்போது தேவையில்லை, 8 மி.மீ. அகலம், 4 முதல் 5 செ.மீ. ஆழம் போதும். சாறு ஏறக்குறைய அதே அளவு வரும், துளையும் சீக்கிரம் மூடும். ஆனால் துளைக்கு மேலும் கீழும் நீளவாக்கில் கொஞ்சம் மரம் உள்ளே செத்துப்போகிறது. அடுத்த ஆண்டு அதே நேர்கோட்டில் துளைத்தால் சாறு வராது, காயம்தான் மிச்சம். பக்கவாட்டில் நன்றாகத் தள்ளித் துளையுங்கள். துளை காயாமலிருக்க முன்பு ஃபார்மால்டிஹைட் மாத்திரை போடுவார்கள். அது மரத்தை உள்ளே உளுத்துப்போகச் செய்யும். கனடா, அமெரிக்கா இரண்டிலும் தடை. சாறு பிடிக்கப் பழைய சாமான் கடை வாளிகளும் வேண்டாம், அவற்றின் பற்றவைப்பில் ஈயம் இருக்கலாம்.

பதநீரைப் போலவே இந்தச் சாறும் வைத்திருந்தால் கெட்டுப்போகும். குளிரில் வைத்து, ஓரிரு நாளில் காய்ச்சிவிட வேண்டும்.

துளையைப் பற்றிக் கவலைப்படுகிற பலர் விறகைப் பற்றி யோசிப்பதில்லை. என் கணக்கில் பெரிய தவறு அதுதான். சாற்றில் சர்க்கரை சுமார் 2 சதவீதம். 1 லிட்டர் பாகுக்கு 40 லிட்டர் சாறு வேண்டும். மிச்சத் தண்ணீர் முழுவதையும் ஆவியாக்க எரிபொருள் எரிகிறது. ஈர விறகும் குறுகிய ஆழமான பானையும் சேர்ந்தால் புகைதான் மிஞ்சும். அகலமான, ஆழமில்லாத தட்டும் நன்றாகக் காய்ந்த விறகும் வேண்டும். சாறு பாதி உறைந்திருந்தால் மேலே உள்ள பனிக்கட்டியை எடுத்துப் போடுங்கள். சர்க்கரையில் பெரும்பங்கு கீழே திரவத்தில் இருக்கும், அந்த அளவுக்கு விறகு மிச்சம். சமையலறைக்குள் காய்ச்சினால்? அந்த நீராவியில் சுவர்த்தாள் உரிந்து தொங்கும்.

பதம் பார்ப்பதில் கண்ணளவை நம்பாதீர்கள். அன்றைக்குத் தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தைவிட 4 பாகை செல்சியஸ் கூடினால் பாகு தயார். குறைந்தால் பூசணம் பிடிக்கும், கூடினால் சர்க்கரை உறையும்.

மேப்பிளை மட்டும் விட்டு மற்ற மரங்களை வெட்டித் தள்ளுவதும் வேண்டாத வேலை. ஒரே இன மரங்கள் நிற்கும் காட்டில் பூச்சி சுலபமாகப் பரவும்.

அப்புறம், மொட்டு பருக்கத் தொடங்கியதும் நிறுத்துங்கள். அதற்குப் பிறகு வரும் சாற்றில் ஒரு வேண்டாத வாடை ஏறிவிடும், எவ்வளவு காய்ச்சினாலும் போகாது. அன்றே குழாய்களைக் கழற்றிவிடுங்கள். துளையில் மெழுகோ கட்டையோ அடைக்க வேண்டாம், மரமே மூடிக்கொள்ளும்.