பழைய பேஸ் கிதார் வாங்கும்போது எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

பேஸ் கற்றுக்கொள்ளப் போகிறேன், எதை வாங்குவது என்று கேட்பவர்களிடம் நல்ல பழைய பேஸ் ஒன்றைத் தேடுங்கள் என்றுதான் சொல்வேன். லியோ ஃபெண்டர் 1951-ல் பிரிசிஷன் பேஸை வெளியிட்டார். இன்று விற்கும் பெரும்பாலான நான்கு ஸ்ட்ரிங் பேஸ்களின் அடிப்படை அமைப்பு அதுவேதான்: 34 அங்குல ஸ்கேல் (ஸ்ட்ரிங் அதிரும் நீளம்), உடலில் போல்ட் போட்டு இறுக்கிய நெக் (இடது கை பிடிக்கும் நீண்ட கழுத்து), தடித்த ஸ்ட்ரிங்கிலிருந்து மெல்லியது வரை ஈ-ஏ-டி-ஜி ட்யூனிங். பத்து, இருபது வருடம் வாசித்த பேஸும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தால் புதியதைப் போலவே உழைக்கும். அதே பணத்துக்குப் புதியதைவிட ஒரு படி மேலான கருவி கையில் வரும்.

ஒரே நிபந்தனை, நெக் நன்றாக இருக்க வேண்டும். பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வைப் பிடிக்கும் காந்தப் பகுதி), பாட் (குமிழுக்கு அடியில் உள்ள பாகம்), கேபிள் செருகும் ஜாக், உடலில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் பிரிட்ஜ், ட்யூனிங் பெக் எல்லாவற்றையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். கெட்டுப்போன நெக்கைச் சரிசெய்ய ஆகும் செலவு சில நேரம் பேஸின் விலையையே தாண்டிவிடும். அதனால் இந்த விளக்கத்தில் அதிக இடம் நெக்குக்குத்தான்.

படி 1: எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

கைக்கு எது பொருந்தும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஃபெண்டரின் இன்னொரு பேஸ், 1960-ல் வந்த ஜாஸ் பேஸின் நெக், நட் (நெக்கின் மேல் முனையில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் சிறு கட்டை) அருகே சுமார் 38 மில்லிமீட்டர் அகலம். பிரிசிஷன் வகையில் அது 41 முதல் 44 வரை போகும். எண்ணில் இது சின்ன வித்தியாசம்தான், கையில் பிடித்தால் இரண்டும் வேறு வேறு கருவி. விரல் சிறியது, முதல் சில ஃப்ரெட்டுகளை (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) எட்டுவது கஷ்டம் என்றால் 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் பேஸையும் வாசித்துப் பாருங்கள். ஃபெண்டர் மஸ்டாங் பேஸ் அந்த வகை. ஷார்ட் ஸ்கேல் சிறுவர்களுக்கு மட்டும் என்பது வெறும் பேச்சு. அதில் ஸ்ட்ரிங் தளர்வாக இருக்கும், ஒலி கொஞ்சம் உருண்டையாக வரும், அவ்வளவுதான்.

ஐந்து ஸ்ட்ரிங் இப்போதைக்கு வேண்டாம். நான்கில் கை பழகட்டும்.

படி 2: பார்க்கப் போகும்போது

போனில் ஒரு ட்யூனர் ஆப், ஒரு கேபிள், ஒரு ஸ்ட்ராப், ஹெட்ஃபோன் செருகக்கூடிய சின்ன ஆம்ப். இவை கையில் இருந்தால் போதும். பேஸைக் கையில் எடுத்ததும் முதலில் ட்யூன் செய்யுங்கள். ஸ்ட்ரிங் தளர்ந்திருக்கும்போது நெக்கைப் பார்த்துப் பயனில்லை, முழு இழுவிசையில்தான் அதன் உண்மையான நிலை தெரியும்.

படி 3: நெக்

பேஸை மடியில் படுக்க வைத்து, ட்யூனிங் பெக் உள்ள தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக் பக்கமிருந்து ஒரு கண்ணால் நெக்கின் விளிம்போடு பாருங்கள். ஈ ஸ்ட்ரிங் பக்க விளிம்பு, ஜி ஸ்ட்ரிங் பக்க விளிம்பு இரண்டும் ஒரே மாதிரி போக வேண்டும். ஒன்று மேலே ஏறி மற்றது இறங்கினால் நெக் முறுகியிருக்கிறது. அந்தப் பேஸை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது வளைவு. இதற்கு அளவுகோல் எதுவும் வேண்டாம், இழுத்துக் கட்டிய ஸ்ட்ரிங்கே நேர்கோடுதான். ஈ ஸ்ட்ரிங்கை இடது கையால் முதல் ஃப்ரெட்டில் அழுத்துங்கள். வலது கையால் அதே ஸ்ட்ரிங்கைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்துங்கள். இப்போது ஏழு, எட்டாம் ஃப்ரெட் அருகே ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, அதாவது சுமார் 0.3 மில்லிமீட்டர் இருந்தால் அருமை. இரண்டு, மூன்று கார்டு நுழைந்தால் நெக் முன்னால் வளைந்திருக்கிறது. இடைவெளியே இல்லாமல் ஸ்ட்ரிங் ஃப்ரெட்டில் படுத்திருந்தால் நெக் பின்னால் வளைந்திருக்கலாம்.

இந்த இரண்டும், நெக்குக்குள் ஓடும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராடால் சரியாகும், ராட் வேலை செய்தால்! எனவே விற்பவரிடம் கேட்டு, அவர் கண் முன்னாலேயே கால் சுற்று திருப்பிப் பாருங்கள். ராடைத் திருப்பும் திருகு வழுக்கினாலோ, அசையவே மறுத்தாலோ, ஏற்கெனவே கடைசி வரை இறுக்கிய பிறகும் நெக் வளைந்தே இருந்தாலோ வாங்காதீர்கள். திருப்பிப் பார்க்க அவர் சம்மதிக்காவிட்டால் அது அவர் உரிமை. ஆனால் நெக் ஏற்கெனவே நேராக இருந்தால் மட்டுமே அந்தப் பேஸை யோசியுங்கள்.

நெக் உடலில் சேரும் இடத்தையும் பாருங்கள். சில பேஸ்களில் பதினைந்தாம் ஃப்ரெட்டுக்கு மேல் ஃப்ரெட்போர்டு சற்று மேலே எழும்பியிருக்கும். இதை ட்ரஸ் ராட் தொடாது. ஃப்ரெட்டைக் கழற்றித் தளப்படுத்தும் வேலை வரை போகலாம்.

பின்னால் சாய்ந்த ஹெட்ஸ்டாக் உள்ள பேஸ் என்றால் நட்டுக்குப் பின்புறம் விரலால் தடவிப் பாருங்கள். உடைந்து ஒட்டியிருந்தால் அந்தத் தடம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நன்றாக ஒட்டிய பேஸ் பல வருடம் வாசிக்கும், ஆனால் விலை நன்றாகக் குறைய வேண்டும்.

படி 4: ஆம்ப் இல்லாமல் வாசியுங்கள்

நான்கு ஸ்ட்ரிங்கிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக, அவசரமில்லாமல் வாசியுங்கள். ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் உரசல் கேட்டால் பக்கத்து ஃப்ரெட் எழும்பியிருக்கும் அல்லது அந்த ஃப்ரெட் தேய்ந்திருக்கும். முதல் நான்கைந்து ஃப்ரெட்டுகள் எல்லாமே உரசினால் பெரும்பாலும் நெக் பின்வளைவு. பன்னிரண்டுக்கு மேல் மட்டும் உரசினால், ஃப்ரெட்டிலிருந்து ஸ்ட்ரிங்கின் உயரமான ஆக்‌ஷன் மிகத் தாழ்வு, அல்லது மேலே சொன்ன எழும்பல்.

ஜி ஸ்ட்ரிங்கில் ஐந்து முதல் ஏழாம் ஃப்ரெட் வரை இன்னும் கவனமாகக் கேளுங்கள். மற்ற நோட்டெல்லாம் நீண்டு ஒலிக்க, அங்கே ஒன்று மட்டும் சட்டென்று செத்துவிடும். இதற்கு டெட் ஸ்பாட் என்று பெயர். அந்த அதிர்வெண்ணில் நெக்கும் சேர்ந்து அதிர்ந்து, ஸ்ட்ரிங்கின் சக்தியை உறிஞ்சிக்கொள்கிறது. ஃபெண்டர் வகைப் பேஸ்களில் இது சகஜம், பழுதில்லை. ஆனால் ஒரு பேஸில் லேசாகவும் இன்னொன்றில் மோசமாகவும் இருக்கும். உங்கள் காதுக்கு உறுத்தினால் வேறு பேஸ் பாருங்கள், செட்டப் (நெக் வளைவு, ஸ்ட்ரிங் உயரம், சுருதி இவற்றைச் சரிசெய்வது) செய்து இதைப் போக்க முடியாது.

படி 5: ஸ்ட்ராப் மாட்டி நில்லுங்கள்

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஸ்ட்ராப் போட்டு நின்று, இரண்டு கையையும் விடுங்கள். ஹெட்ஸ்டாக் தரையை நோக்கிச் சரிந்தால், வாசிக்கும் நேரமெல்லாம் இடது கை நெக்கைத் தாங்கிக்கொண்டே இருக்கும். நோட்டைப் பிடிக்க வேண்டிய கை பாரம் சுமக்கும். அகலமான, உட்புறம் சொரசொரப்பான ஸ்ட்ராப் கொஞ்சம் உதவும், முழுதாகத் தீர்க்காது. நான்கு கிலோவைத் தாண்டிய பேஸ் என்றால் பத்து நிமிடமாவது அப்படியே நின்று வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

படி 6: ஆம்பில் செருகுங்கள்

ஒவ்வொரு குமிழையும் முழுதாகத் திருப்புங்கள். கரகரவென்ற சத்தம் பாடில் தூசு, கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் போய்விடும். ஜாக்கில் கேபிளை மெதுவாக ஆட்டுங்கள், ஒலி விட்டு விட்டு வந்தால் சின்ன சால்டரிங் வேலை. இரண்டுமே பேரம் பேச உதவுமே தவிர, வாங்காமல் இருக்கக் காரணமாகாது.

ஜாஸ் பேஸில் ஒரு பிக்கப்பை மட்டும் திறந்தால் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வரும், இரண்டையும் முழுதாகத் திறந்தால் அடங்கிவிடும். இரண்டு பிக்கப்பும் எதிரெதிராகச் சுற்றப்பட்டு ஒன்றின் இரைச்சலை மற்றது ரத்து செய்வதால் அப்படி. பயப்பட வேண்டாம். ஸ்ட்ரிங்கைத் தொட்டதும் இரைச்சல் கூடினால் மட்டும் கிரவுண்ட் இணைப்பில் கோளாறு.

ஆக்டிவ் பேஸ் (உள்ளே பேட்டரியில் இயங்கும் மின்சுற்று உள்ளது) என்றால் பேட்டரி அறையைத் திறந்து, 9 வோல்ட் பேட்டரி கசிந்து அரித்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான ஆக்டிவ் பேஸ்களில் கேபிள் செருகியிருக்கும் வரை பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் வாசித்து முடித்தவுடன் கேபிளைக் கழற்றி வைக்கப் பழகுங்கள்.

படி 7: விலை

புது ஸ்ட்ரிங் ஒரு செட், செட்டப் செலவு இரண்டையும் கணக்கில் சேர்த்துப் பேசுங்கள். உடலில் கீறல், பெயின்ட் உதிர்வு இவை ஒலியைத் தொடாது, விலையை மட்டும் குறைக்கும். தொடக்கத்தில் இருப்பவருக்கு இதைவிட நல்ல விஷயம் இல்லை. பிக்கப் மாற்றியது, மறுபடி பெயின்ட் அடித்தது எல்லாம் சேகரிப்பவர்களுக்குத்தான் குறை. பெரிய பிராண்டு பெயர் ஹெட்ஸ்டாக்கில் இருந்து, விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரிடம் விசாரித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

படி 8: வீட்டுக்கு வந்த பிறகு

வரிசை முக்கியம்: புது ஸ்ட்ரிங், ட்யூனிங், ட்ரஸ் ராட், ஆக்‌ஷன், கடைசியில் இன்டொனேஷன் (நெக் முழுக்க சுருதி சரியாக வரச் செய்வது). முன்னதை மாற்றினால் பின்னது மாறிவிடும் என்பதால் இப்படி.

ஸ்ட்ரிங்கில், உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட்வவுண்ட் பளிச்சென்று ஒலிக்கும், விரலுக்குச் சொரசொரப்பு. தட்டைக் கம்பி சுற்றிய ஃப்ளாட்வவுண்ட் வழவழப்பு, ஒலி அடங்கிக் கனமாக வரும். அமெரிக்க இசை நிறுவனமான மோடவுனின் பதிவுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது ஃப்ளாட்வவுண்ட் போட்ட பிரிசிஷன் பேஸ். இரண்டில் எது பிடிக்கும் என்று தெரியாதவர்கள் 45-105 அளவு நிக்கல் ரவுண்ட்வவுண்டில் தொடங்குங்கள்.

ட்ரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். திருப்பியதும் மறுபடி ட்யூன் செய்து, அளந்து பாருங்கள். வலஞ்சுழியாகத் திருப்பினால் முன்வளைவு குறையும், இடஞ்சுழியாகத் திருப்பினால் கூடும். ஆக்‌ஷனுக்குப் பதினேழாம் ஃப்ரெட்டில் ஈ பக்கம் 2.4, ஜி பக்கம் 2 மில்லிமீட்டர் நல்ல தொடக்கம். இன்டொனேஷனுக்குப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் ஸ்ட்ரிங்கை அழுத்தாமல் லேசாகத் தொட்டு ஹார்மோனிக்கை அடியுங்கள், பிறகு அதே ஃப்ரெட்டை அழுத்தி அடியுங்கள். அழுத்திய நோட்டின் சுருதி ட்யூனரில் கூடுதலாகக் காட்டினால் சேடிலை (பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்காரும் சிறு துண்டு) பின்னால், அதாவது நெக்கிலிருந்து விலகும் திசையில் நகர்த்துங்கள். குறைவாகக் காட்டினால் முன்னால்.

இவ்வளவுக்கும் பிறகு உரசல் மிச்சம் இருந்தால் ஆக்‌ஷனை உடனே உயர்த்த வேண்டாம். ஆம்பின் வால்யூமைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, விரலின் பலத்தைப் பாதியாகக் குறைத்து அதே வரியை வாசியுங்கள். ஸ்ட்ரிங் அகலமாக ஆடாததால் பெரும்பாலான உரசல் அதிலேயே போய்விடும். நெக் பக்கம் கையை நகர்த்தினால் ஸ்ட்ரிங் மெத்தென்றும் ஒலி தடிப்பாகவும் இருக்கும். பிரிட்ஜ் பக்கம் வந்தால் ஸ்ட்ரிங் விறைப்பாகவும் ஒலி கூர்மையாகவும் மாறும். முதல் மாதம் பிக்கப்பின் மேல் கட்டைவிரலை வைத்து, ஒரே இடத்தில் வாசித்துப் பழகுங்கள். அப்புறம் ஒவ்வொரு இடமாக நகர்த்திப் பாருங்கள்.