எந்த பிராஞ்ச் எடுப்பது? ஹவுஸ் சர்ஜனுக்கு ஒரு நோட்டு வழி

எம்.பி.பி.எஸ்.-க்குப் பின் மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பிஜியில் 200 கேள்வி. "உனக்கு எந்த பிராஞ்ச் (மருத்துவப் பிரிவு) ஒத்துவரும்?" என்பது மட்டும் அதில் கிடையாது. ரேங்க் வந்தபின் கவுன்சிலிங் அவசரத்தில் யோசித்தால், பக்கத்து வீட்டு மாமா சொன்னதுதான் கையில் நிற்கும். ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு பிரிவாகப் பயிற்சி எடுக்கும் ஹவுஸ் சர்ஜன் வருஷத்திலேயே தொடங்கிவிடுங்கள். ஒரு 40 பக்க நோட்டு போதும்.

படி 1: டூட்டி முடிந்த அன்றே எழுதுங்கள்

"பிடித்தது, பிடிக்கவில்லை" என்று எழுதி ஒரு பிரயோஜனமும் இல்லை. எந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லை, எதை அடுத்தவர் தலையில் கட்டினீர்கள், படுத்தபிறகும் எந்தக் கேஸ் மண்டைக்குள் ஓடியது என்று எழுதுங்கள்.

சர்ஜன் ஆவேன் என்றே அலைந்தவன் நான். சர்ஜரி போஸ்டிங் முடிந்து நோட்டைப் புரட்டினால் குடலைப் பற்றி ஒரே ஒரு வரி. மற்றதெல்லாம் டேபிளின் தலைமாட்டில் நடந்தவை. முதுகில் ஸ்பைனல் மரப்பு ஊசி போட்டதும் பி.பி. இறங்கியது; பல்ஸ் ஆக்சிமீட்டர் 'பீப்'பின் சுருதி இறங்கியதும் (ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது என்று அர்த்தம்), மானிட்டரைத் திரும்பிப் பார்க்காமலே அனஸ்தீசியா (மயக்க மருந்துப் பிரிவு) அக்காவின் கை ஆக்சிஜன் மாஸ்க்குக்குப் போனது. வெட்டிய இடத்தை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டரைப் பிடித்த கை இங்கே, கண் அங்கே!

படி 2: ஆளையும் பிராஞ்சையும் பிரியுங்கள்

யூனிட் சீஃப் திட்டியதால் மெடிசின் வேண்டாம், சிரித்துப் பேசியதால் பீடியாட்ரிக்ஸ் வேண்டும் என்று முடிவெடுப்பவர்கள் ஏராளம். இதே வேலை, வேறு சீஃப் என்றால்? பதிலை நோட்டில் எழுதுங்கள்.

படி 3: அன்றாட வேலையைப் பாருங்கள்

அபூர்வ கேஸ் எல்லா பிராஞ்சிலும் அழகுதான். தோல் ஓ.பி.யில் தினமும் வருவது சிரங்கும் படர்தாமரையும். ஆர்த்தோவில் மாவுக்கட்டு. சைக்கியாட்ரியில் பொறுமையாகக் கேட்கும் காது வேண்டும். நூறாவது படர்தாமரையையும் சலிக்காமல் பார்ப்பீர்களா? ரேடியாலஜி (ஸ்கேன், எக்ஸ்-ரே), பேதாலஜி (திசு, ரத்தப் பரிசோதனை) பக்கம் போஸ்டிங் அமையவில்லை என்றால் லீவு நாளில் அனுமதி கேட்டுப் போய் நில்லுங்கள்.

படி 4: கூட டூட்டி பார்த்தவரிடம் கேளுங்கள்

நம்மைப் பற்றி நாமே எழுதினால் கொஞ்சம் பூசி மெழுகுவோம். ராத்திரி 3 மணிக்கு காஷுவால்டியில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

படி 5: ரேங்க் வருமுன் வரிசைப்படுத்துங்கள்

எம்.டி., எம்.எஸ். 3 வருஷம், அதற்குமேல் டி.எம்., எம்.சிஎச். என்ற சூப்பர் ஸ்பெஷாலிட்டி படிப்பு என்றால் இன்னொரு 3. வீட்டுக் கடன், கல்யாணம், தூக்கம் எல்லாவற்றையும் கணக்கில் வைத்து ஐந்து பிராஞ்ச் எழுதுங்கள். ரேங்க் வந்தபின் கிடைக்காததை அடிக்கலாம். புதிதாக எதையும் நுழைக்காதீர்கள்.

என் பட்டியலில் முதல் வரி அனஸ்தீசியா. அது என்ன படிப்பு என்று அப்பாவுக்கு விளக்கவே ஒரு சாயங்காலம் ஆனது.