ஸ்பேர் டார்ச்சும் அதே பையிலா?

போன ஞாயிறு தேவனாம்பட்டினம் கடற்கரையில் இரண்டு கல்லூரிப் பையன்கள், "எல்லாத்துக்கும் ஸ்பேர் வெச்சிருக்கோம்ணே" என்று பையைத் திறந்து காட்டினார்கள். இரண்டு டார்ச், இரண்டு லைட்டர், இரண்டு பவர் பேங்க். பத்து வருடத்துக்கு முந்தைய நானேதான். தண்ணீர் எடுத்துப் போங்கள், மழைக்கோட்டை மறக்காதீர்கள் என்று இங்கே சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். வெளியே கிளம்பும்போது அவசரச் சாமான்களை எடுத்துவைப்பதில் நாம் செய்யும் தவறுகளைத்தான் சொல்லப் போகிறேன்.

அசலும் மாற்றும் ஒரே பையில்

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். ஒரு டிசம்பரில் நானும் நண்பனும் பரங்கிப்பேட்டை அருகே வெள்ளாற்று முகத்துவாரத்தில் பறவை பார்க்கப் போனோம். படகுக்காரர் எங்களை மணல்திட்டில் இறக்கிவிட்டு, நாலரைக்கு வருவதாகச் சொல்லிப் போனார். பையைக் கழற்றி ஒரு மரக்கட்டை மேல் வைத்தேன். தண்ணீர் ஏறியதைக் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது பை மிதந்துகொண்டிருந்தது. தோள்பட்டை வார் ஒருமுறை மேலே தெரிந்தது, அவ்வளவுதான். போன், டார்ச், ஸ்பேர் டார்ச், லைட்டர், இரவல் வாங்கிய பைனாகுலர் எல்லாம் அதில்தான் இருந்தன.

ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிட்டது. படகுக்கு எஞ்சின் கோளாறு. ஏழரைக்கு அவர் தேடி வந்தபோது, நாங்கள் திட்டின் மறுகோடியில் தொண்டை கட்டிப்போய் நின்றோம். நண்பனின் சாவிக்கொத்தில் தொங்கிய குட்டி லைட்டுதான் எங்களைக் காட்டிக்கொடுத்தது. காலையில் அதைத்தான் பொம்மை என்று கிண்டலடித்திருந்தேன். "எல்லாத்தையும் ஒரே பையிலயா போட்டீங்க தம்பி?" என்று கரை சேரும் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார் படகுக்காரர்.

அப்போதிருந்து விசில் கழுத்தில், குட்டி டார்ச்சும் லைட்டரும் ஜிப் வைத்த பேன்ட் பையில், ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டு பிளாஸ்டிக் உறைக்குள். மீதிதான் முதுகுப்பைக்கு. இரண்டு பேர் போனால் மாற்று டார்ச் மற்றவரிடம் இருக்க வேண்டும். "வாட்டர்ப்ரூஃப் பைதானேண்ணே" என்று அந்தப் பையன்கள் கேட்டார்கள். நனையாதுதான், ஆனால் மிதந்து போகுமே!

டார்ச்சுக்குள்ளேயே பேட்டரி செல்

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டு, கரண்ட் போன பிறகு அலமாரி டார்ச்சை எடுத்தேன். எரியவில்லை. மூடியைத் திருகினால் ஸ்பிரிங் முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. செல் கசிந்து தகட்டை அரித்துவிட்டது. செல்லைத் தனியாகச் சுற்றி வையுங்கள். கிளம்பும் முன் போட்டு எரித்துப் பாருங்கள்.

தீப்பெட்டி

உப்புக்காற்றில் நமத்துப் போகும். லைட்டர் போதும்.

விசில்

உள்ளே உருண்டை இல்லாத வகையாகப் பார்த்து வாங்குங்கள், நனைந்தாலும் ஊதும். உதவி கேட்க மும்மூன்று முறையாக ஊத வேண்டும்.

பவர் பேங்க் கணக்கு

கொள்ளளவு 10,000 mAh என்று அச்சடித்திருந்தாலும் போனுக்குப் போய்ச் சேருவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அப்புறம், கேபிள்! அதை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்களை எண்ணுவதையே நிறுத்திவிட்டேன்.