கிறிஸ்துமஸ் மரத்துக்கு பிள்ளைங்க கையால செஞ்ச நட்சத்திரம்

கடைல க்ளே வாங்கவே வேணாங்க, 2 கப் ஆப்பசோடா, 1 கப் கார்ன்ஃப்ளார் (வெள்ளையா இருக்குமே அது), ஒன்னேகால் கப் தண்ணி, கட்டியில்லாம கரைச்சு சின்ன தீயில கிண்டிட்டே இருந்தா மசிச்ச உருளைக்கிழங்கு மாதிரி திரண்டு வரும், உடனே இறக்கிடுங்க. ஈரத்துணி போட்டு ஆறவிட்டு, சப்பாத்தி மாவு மாதிரி பிசைஞ்சு கால் இஞ்ச் கனத்துக்கு தேய்ச்சு நட்சத்திரமா வெட்டச் சொல்லி பிள்ளைங்ககிட்ட குடுத்துடுங்க. நூல் கோக்குற ஓட்டைய ஸ்ட்ராவால ஈரமா இருக்கும்போதே போட்டுடணும், காஞ்சப்புறம் குத்துனா உடைஞ்சிரும். நிழல்லயே ரெண்டு நாள் காயட்டும், அப்பப்ப திருப்பிப் போடுங்க, இல்லன்னா ஓரம் வளையும். குட்டிப் பசங்க வாயில வைக்காம பாத்துக்கோங்க. என் பொண்ணு போன வருஷம் நடுவுல கட்டைவிரல அமுக்கி வச்சா, அந்த ரேகை இன்னும் அப்படியே இருக்கு!