இரண்டு முயல்களுடன் லண்டன் ஈஸ்ட்ஹாமிலிருந்து லெஸ்டர் வரை: ரயில் பயணத்துக்கு ஒரு செய்முறை

முயலை ரயிலில் கொண்டு போக விடுவார்களா என்பதுதான் புதிதாக முயல் வளர்ப்பவர்களின் முதல் கவலை. பிரிட்டனில் அது பெரிய சிக்கல் இல்லை. தேசிய ரயில் விதிகளின்படி, ஒரு பயணி இரண்டு சிறு பிராணிகள் வரை கட்டணமின்றி உடன் கொண்டு செல்லலாம். அவை தப்ப முடியாத மூடிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். எழுந்து நிற்கவும் வசதியாகப் படுக்கவும் அதில் இடம் வேண்டும். பெட்டி இருக்கையை அடைத்துக்கொள்ளக் கூடாது. லண்டன் பேருந்திலும் சுரங்க ரயிலிலும் ஏற்றிக்கொள்வார்கள் என்றாலும், ஊழியர் மறுத்தால் வாதாடாமல் அடுத்த வண்டிக்குக் காத்திருப்பதே நல்லது. பாரிஸ் போகும் யூரோஸ்டாரில் மட்டும் வளர்ப்புப் பிராணிகளுக்கு இடமில்லை.

உண்மையான சிக்கல் முயலின் வயிற்றில் இருக்கிறது. பூனை பயந்தால் கத்தும், நாய் முனகும்; முயலோ பிற விலங்குகளுக்கு இரையாகிப் பழகிய இனம் என்பதால் பயத்தை மறைத்துக்கொண்டு பொம்மை போல உட்கார்ந்திருக்கும். "எவ்வளவு சமர்த்து!" என்று பக்கத்தில் இருப்பவர் மெச்சுவார். ஆனால் பயந்த முயல் தின்பதை நிறுத்திவிடும். தின்பது நின்றால் குடல் இயக்கம் மந்தமாகும். அரை நாள் அப்படியே கடந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே கீழே உள்ள ஒவ்வொரு படியையும், வழியில் முயல் புல்லை மெல்லுமா என்ற ஒரே கேள்வியை வைத்தே நான் அமைத்திருக்கிறேன்.

படி 1: பெட்டி

முதல் பயணத்துக்கு நான் வாங்கியது ஜிப் வைத்த துணிப்பை. பாதி வழியில் ஜிப்பின் ஓரம் கத்தரித்தது போல அறுந்திருந்தது. அந்த ஓட்டை வழியே ஒரு மூக்கு வெளியே நீண்டு துடித்துக்கொண்டிருந்தது. மீதி வழி முழுவதும் அந்த இடத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டே வந்தேன். துணி வேண்டாம். மேல்புறமும் முன்புறமும் திறக்கும் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியே முயலுக்கு ஏற்றது. முன்கதவு வழியே இழுத்தால் முயல் திமிறும், பின்னங்காலை வேகமாக உதைத்தால் அதன் முதுகெலும்பே முறியக்கூடும் என்பதால், மேலே திறந்து, ஒரு கையால் மார்பையும் மறு கையால் பின்பாகத்தையும் தாங்கித் தூக்க வேண்டும். ஜோடியாகப் பழகிய முயல்களை ஒரே பெட்டியில் வையுங்கள். ஒன்றின் விலா மற்றதன் மீது பட்டுக்கொண்டிருப்பதே அவற்றுக்குப் பாதித் தைரியம். ஒன்றோடொன்று பழகாதவற்றைச் சேர்த்து அடைத்தால் சண்டை வரும்.

படி 2: பழக்கம்

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே பெட்டியைத் திறந்தபடி அவற்றின் அறையில் வைத்து, அன்றாடப் புல்லை அதற்குள்ளேயே போடுங்கள். தாமாக உள்ளே போய்த் தின்னத் தொடங்கிய பிறகு கதவை மூடித் தெருமுனை வரை ஒரு நடை, பிறகு பேருந்தில் இரண்டு நிறுத்தம். மிக்ஸோமடோசிஸ், முயல் ரத்தக்கசிவு நோய் ஆகியவற்றுக்கான ஆண்டுத் தடுப்பூசி போட்டாயிற்றா என்பதையும் இதே நாட்களில் பார்த்துவிடலாம்.

படி 3: வழியும் வேளையும்

முயலுக்கு வெப்பம் ஆகாது. கோடையில் பேக்கர்லூ, சென்ட்ரல் போன்ற ஆழமான சுரங்கப் பாதைகளில் ஓடும் பழைய வண்டிகளில் குளிரூட்டி இல்லாததால் அவற்றைத் தவிர்க்கிறேன். ஈஸ்ட்ஹாமிலிருந்து ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி என்ற சுரங்க ரயில் தடத்தின் வண்டியில் ஏறினால், குளிரூட்டிய பெட்டியிலேயே மாறாமல் கிங்ஸ் கிராஸ் செயின்ட் பாங்க்ரஸ் போய்விடலாம். அங்கிருந்து லெஸ்டருக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். சுற்று வழி என்றாலும் இறங்கி ஏறுவது குறைவாக உள்ள வழியே நல்லது. வெயில் கடுமையான நாளில் பயணத்தை ஒத்திப் போடுங்கள். பயணச்சீட்டுப் பணம் போனால் போகட்டும்.

படி 4: புறப்படும் காலை

பயணத்துக்கு முன் பட்டினி போடும் வழக்கம் முயலுக்குப் பொருந்தாது. முயலால் வாந்தி எடுக்க இயலாது. அதன் குடல் ஓயவும் கூடாது. பெட்டியின் அடியில் நீர் உறிஞ்சும் விரிப்பு, அதன் மேல் அவை ஏற்கெனவே படுத்து மணம் ஏறிய பழைய துண்டு, ஒரு மூலையில் இரண்டு கைப்பிடி உலர்புல். நெல் வைக்கோல் அதற்கு ஈடாகாது. கடைகளில் டிமொத்தி ஹே என்று விற்பதையே வாங்குங்கள். தண்ணீர்க் கிண்ணம் ஓடும் வண்டியில் கவிழ்ந்து படுக்கையை நனைத்துவிடும் என்பதால், பழகிய கீரையை அலசி ஈரத்தோடு வையுங்கள். வண்டி நிற்கும்போது கிண்ணத்தில் தண்ணீர் காட்டலாம்.

படி 5: வண்டிக்குள்

பெட்டியைக் காலடியில், கதவிலிருந்தும் சூடேற்றியிலிருந்தும் விலகி, ஆடாமல் வையுங்கள். மெல்லிய துணியால் மேலேயும் மூன்று பக்கமும் மூடி, காற்றுக்காக ஒரு பக்கத்தைத் திறந்து விடுங்கள். எதிரில் நாய் வந்து அமர்ந்தால் இடம் மாறுவதைத் தவிர வேறு வழியில்லை. குழந்தைகள் தொட்டுப் பார்க்கக் கேட்பார்கள். இறங்கும் வரை கதவைத் திறக்கக் கூடாது என்று சிரித்தபடியே சொல்லிவிடலாம்.

அரை மணிக்கு ஒருமுறை காதைப் பெட்டியருகே கொண்டு போங்கள். புல் நறநறவென்று அரைபடும் சத்தம் கேட்டால் கவலையில்லை. காதுகள் சிவந்து சுட்டாலோ, மூச்சு வேகமாக இரைத்தாலோ, குளிர்ந்த நீரில் விரலை நனைத்துக் காதுகளின் வெளிப்புறத்தில் தடவுங்கள். வாயைத் திறந்து மூச்சு விடும் முயலை அடுத்த நிலையத்திலேயே இறக்கி மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

படி 6: போய்ச் சேர்ந்த பின்

எல்லாரும் பார்க்கத் துடித்தாலும், அமைதியான அறையில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு நீங்கள் வெளியே வந்துவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் புழுக்கையைப் பாருங்கள். உருண்டையாக, வழக்கமான அளவில் இருந்தால் வயிறு வேலை செய்கிறது. சிறுத்துக் கோணலாக இருந்தால் கீரையும் புல்லும் கொடுத்துக் கண்காணியுங்கள். இரவுக்குள் தின்னவும் இல்லை, புழுக்கையும் இல்லை என்றால் விடியும் வரை காத்திருக்காதீர்கள். முயலுக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த லெஸ்டர் மருத்துவர் ஒருவரின் இரவு எண்ணைப் புறப்படும் முன்பே கைபேசியில் சேமித்திருக்க வேண்டும்.